ஸ்பிட்ஃபயர் ஹேண்ட்பிரேக்: கேபிளைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருக்கும் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஹேண்ட்பிரேக் பற்றிய புலம்பல் ஒன்று கட்டாயம் வரும். லீவரை முழுசாகத் தூக்கிய பிறகும் சரிவில் வண்டி மெல்ல நகர்கிறது என்பார்கள். அதற்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால், கேபிளை இன்னும் கொஞ்சம் முறுக்கி வைத்தோம் என்பதுதான் அநேகமாகப் பதில். அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் இதை எழுதுகிறேன். இந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் கோளாறு பெரும்பாலும் பின் சக்கர டிரம்முக்குள்தான் இருக்கும். கேபிளுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும்.

என்னிடம் இருப்பது 1976ஆம் ஆண்டின் ஸ்பிட்ஃபயர் 1500. குடியிருப்பது கவென்ட்ரியில், இந்த வண்டி உருவான கேன்லி தொழிற்சாலை இருந்ததும் இதே ஊரில்தான். 1962 முதல் 1980 வரை ஐந்து வடிவங்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் வெளிவந்தன. இன்ஜின் மாறியது, பின் சஸ்பென்ஷன் மாறியது, பம்பர் மேலே ஏறியது. பின் பிரேக் மட்டும் முதலிலிருந்து கடைசி வரை அதே 7 அங்குல டிரம், அதே வகை கர்லிங் கம்பெனி பிரேக் சிலிண்டர். அதனால் உங்களுடையது எந்த மார்க், அதாவது எந்த வடிவம் ஆனாலும் கீழே சொல்வது பொருந்தும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வண்டியின் அடிவயிறு அந்நியமானதல்ல. ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ் ட்ரையம்ப் ஹெரால்டின் சேஸிஸிலிருந்து பிறந்தது. ஹெரால்டின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 91.5 அங்குலம், அதை 83 ஆகக் குறைத்து இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கினார்கள். அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி தயாரித்தது. பிறகு இங்கிலாந்தில் ஒருபோதும் வராத நான்கு கதவு ஹெரால்டையும் அங்கே செய்தார்கள். மதுரையில் என் மாமாவிடம் ஒன்று இருந்தது. சரிவில் நிறுத்தினால் பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவர் இறங்கி ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் கல் வைக்க வேண்டும். அது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். அந்தக் கல்லுக்குத் தேவையே இருந்திருக்காது என்பது பின் பிரேக்கைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நன்றாகப் பராமரித்தால் இந்த ஹேண்ட்பிரேக் வண்டியைச் செங்குத்தான மேட்டிலும் நிறுத்தி வைக்கும்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. 2018 மே மாதம் முதல் பிரிட்டனில், பெரிய மாற்றங்கள் செய்யப்படாத 40 வயது கடந்த வண்டிகளுக்கு எம்.ஓ.டி. என்ற வருடாந்தர வண்டித் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. முன்பெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் சோதிக்கும் உருளையில் ஏற்றி, பிடி இடது பக்கம் இவ்வளவு, வலது பக்கம் இவ்வளவு என்று யாராவது நமக்குச் சொல்லிவிடுவார்கள். இப்போது சொல்ல ஆளில்லை. ஆனால் சாலையில் ஓட்டும் வண்டி ஓட்டத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற சட்டம் அப்படியே இருக்கிறது. விருப்பம் இருந்தால் பணம் கட்டிச் சோதனை செய்துகொள்ளலாம். நான் அதைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

எப்படி வேலை செய்கிறது

இதைப் பொறுமையாகப் படியுங்கள். மேலே இருந்து கீழே வரை சக்தி எப்படிப் போகிறது என்று மனதில் படம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

லீவரை இழுத்தால் அதிலிருந்து ஒரு குட்டைக் கேபிள் வண்டிக்கு அடியில் இருக்கும் ஒரு ரிலே லீவரை இழுக்கிறது. அந்த ரிலே லீவரில் பள்ளம் வெட்டிய கால்வட்டத் துண்டு ஒன்று இருக்கிறது. அதற்குக் காம்பன்சேட்டர் என்று பெயர். அதன் பள்ளத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் ஓடுகிறது நீளமான பின் கேபிள். அதன் ஒவ்வொரு முனையிலும் திருகி நீளம் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு கவட்டை, அதில் குறுக்கே செருகும் கிளெவிஸ் பின் என்ற ஓர் ஆணி. அந்த ஆணி, டிரம்மின் பின்புறத் தட்டிலிருந்து, அதாவது பேக் பிளேட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன லீவரைப் பிடித்திருக்கிறது. காம்பன்சேட்டரின் வேலை இரண்டு சக்கரத்துக்கும் இழுப்பைச் சமமாகப் பிரித்துக் கொடுப்பது. ஒரு பக்க ஷூ முதலில் தொட்டுவிட்டால் கேபிள் பள்ளத்தில் கொஞ்சம் நகர்ந்து மறுபக்கத்துக்கு மிச்ச இழுப்பைக் கொடுக்கும்.

டிரம்முக்குள் இரண்டு பிரேக் ஷூ. ஒரு முனையில் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர், மறுமுனையில் வீல் சிலிண்டர். சிலிண்டருக்கு ஒரே ஒரு பிஸ்டன்தான். அது ஒரு ஷூவைத் தள்ளுகிறது. அப்படியானால் இன்னொரு ஷூவை யார் தள்ளுவது? சிலிண்டரேதான். அது பேக் பிளேட்டில் இறுக்கி வைக்கப்படவில்லை. ஒரு நீளத் துளையில் முன்னும் பின்னும் சறுக்கும்படி மாட்டியிருக்கிறது. பிஸ்டன் ஒரு ஷூவைத் தள்ளும்போது, எதிர்விசையில் சிலிண்டரின் உடல் எதிர்ப்பக்கம் சறுக்கி மற்ற ஷூவைத் தள்ளுகிறது. ஹேண்ட்பிரேக் லீவரும் இந்தச் சிலிண்டர் உடலிலேயே கீல் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கிறது. அதுவும் ஒரு ஷூவைத் தள்ளி, அந்த எதிர்விசையில் சிலிண்டரைச் சறுக்க வைத்துத்தான் இரண்டாவது ஷூவை நகர்த்துகிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அரை நூற்றாண்டு இங்கிலாந்து மழையில், குளிர்காலச் சாலை உப்பில் நனைந்த அந்தத் துளையில் துரு பிடித்து சிலிண்டர் அசையாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? ஒரு ஷூ மட்டும் வேலை செய்யும். மற்றது சும்மா உட்கார்ந்திருக்கும். நீங்கள் கேபிளை எவ்வளவு முறுக்கினாலும் அந்த இரண்டாவது ஷூ நகரப் போவதில்லை.

கேபிளை முறுக்குவதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. லீவர் கீழே இருக்கும்போதே பேக் பிளேட் லீவர் பாதி இழுபட்டு நிற்கும். அதனால் ஷூக்கள் தங்கள் ஓய்வு நிலைக்குத் திரும்பாது, அட்ஜஸ்டரைத் திருப்பினாலும் சரியான அளவு கிடைக்காது, டிரம் ஓட்டத்தில் சூடாகும். சின்ன லீவரின் நகர்வும் வீணாகத் தீர்ந்துபோகும். முன்பு வைத்திருந்தவர் இதைச் செய்திருக்கிறாரா என்று பார்க்க ஒரு வழி: கேபிள் முனைகளில் இருக்கும் திருகு மரைகள் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் கடைசி வரை திருகியிருந்தால் அங்கே யாரோ குறுக்குவழியில் போயிருக்கிறார்கள்.

வண்டியைத் தூக்குவது

ஹேண்ட்பிரேக்கையே அவிழ்க்கப் போகிறோம், பின் சக்கரங்களையும் தரையிலிருந்து எடுக்கப் போகிறோம். ஆகவே கியரில் போட்டு வைப்பதும் உதவாது. வண்டியைப் பிடித்து நிறுத்தப் போவது முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் நீங்கள் வைக்கும் கட்டைகள் மட்டும்தான். சமதளத்தில் நிறுத்துங்கள், நான்கு கட்டை வையுங்கள், ஜாக்கியில் தூக்கி சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக் கொடுக்காதீர்கள். அவை எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டில் நின்றதும் வண்டியை இரண்டு கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் மறுபடி இறக்கி வையுங்கள்.

சேஸிஸைத் தூக்கியதும் பின் சக்கரங்கள் கீழ்ப்பக்கம் உள்நோக்கி மடிந்து தொங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு பக்க ஆக்ஸிலும் நடுவிலிருந்து தனித்தனியே ஊசலாடும் ஸ்விங் ஆக்ஸில் வண்டி அப்படித்தான் தொங்கும். ஆனால் அப்படித் தொங்கும்போது பின் கேபிளின் இறுக்கமும் மாறுகிறது என்பதை நினைவில் வையுங்கள். கடைசிச் சரிபார்ப்பை வண்டி தன் காலில் நிற்கும்போதுதான் செய்ய வேண்டும்.

முதலில் அட்ஜஸ்டர்

லீவர் அதிகம் மேலே வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டை, அதாவது லைனிங் தேய்ந்து ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருப்பது. இந்தப் பிரேக் தானாக அட்ஜஸ்ட் ஆகாது. நாம்தான் செய்ய வேண்டும். ஹேண்ட்பிரேக்கை முழுக்க இறக்குங்கள். பேக் பிளேட்டின் பின்னால் சதுரத் தலையுள்ள அட்ஜஸ்டர் இருக்கும். அதற்கென்றே சதுரவாய் பிரேக் ஸ்பேனர் கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள். சாதாரண ஸ்பேனரையோ கட்டிங் பிளேயரையோ போட்டால் தலையின் மூலைகள் உருண்டுவிடும், அப்புறம் வேலை பத்து மடங்கு கூடும்.

சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே அட்ஜஸ்டரைக் கடிகார முள் திசையில் திருப்புங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஒரு கிளிக் கையில் தெரியும். சக்கரம் சுற்றாமல் நிற்கும் வரை திருப்பி, பிறகு ஒரு கிளிக் பின்னால் விடுங்கள். லேசாக எங்கோ உரசும் சத்தம் கேட்டால் பரவாயில்லை. பிரேக் பெடலை இரண்டு மூன்று தடவை அழுத்தமாக மிதித்து ஷூக்களை நடுவில் உட்கார வைத்து, மறுபடி ஒருமுறை பாருங்கள். பல வண்டிகளில் இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். லீவர் நான்கைந்து கிளிக்கில் கெட்டியாக நிற்கும். பெடலும் முன்பைவிட உயரத்தில் பிடிக்கும்.

அட்ஜஸ்டர் திரும்பவே இல்லை என்றால் பலம் காட்டாதீர்கள். துரு நீக்கும் எண்ணெயைப் பின்னாலிருந்து கொஞ்சமாக விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். அதிகமாக விட்டால் உள்ளே போய் லைனிங்கில் படும். அப்படியும் அசையாவிட்டால் டிரம்மைக் கழற்றி அட்ஜஸ்டரை வெளியே எடுத்துச் சுத்தம் செய்வதே நல்லது.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது

அட்ஜஸ்ட் செய்தும் சரியாகவில்லையா? இரண்டு பேர் வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு கிளிக்காக லீவரை ஏற்ற வேண்டும். மற்றவர் ஒவ்வொரு கிளிக்குக்கும் இரண்டு சக்கரத்தையும் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் லீவர் என் மகள் கையில். மூன்றாவது கிளிக்கில் இடது சக்கரம் கல் மாதிரி நின்றுவிட்டது. வலதைச் சுற்றினேன், சுற்றியது. "இன்னும் ஒன்னு ஏத்தவா அப்பா?" என்றாள். ஏற்றினாள். அப்போதும் சுற்றியது.

இந்தச் சோதனையில் சக்கரத்தை முன்னோக்கியும் பின்னோக்கியும் தனித்தனியாகச் சுற்றிப் பார்ப்பது மிக முக்கியம். இதைப் பலர் செய்வதில்லை. இந்த டிரம்மில் ஒரு ஷூ முன்னோக்கிச் சுற்றும்போது நன்றாகக் கடிக்கும், மற்றது பின்னோக்கிச் சுற்றும்போது கடிக்கும். இரண்டும் நகர்ந்தால் எந்தத் திசையிலும் பிடி ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஒரு திசையில் கெட்டியாகவும் மறு திசையில் வழுக்கலாகவும் இருந்தால் ஒரே ஒரு ஷூதான் வேலை செய்கிறது. அதாவது சிலிண்டர் துளையில் இறுகிவிட்டது. மேட்டைப் பார்த்து நிறுத்தினால் நிற்கிறது, இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் நழுவுகிறது என்று சொல்பவர்களின் வண்டியில் இதுதான் நடக்கிறது.

ஒரு பக்கம் முழுக்கவே பிடிக்காமல் இருந்தால், அந்தப் பக்கக் கிளெவிஸ் பின்னைக் கழற்றி பேக் பிளேட் லீவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். லீவர் நகர்ந்து ஷூ டிரம்மில் தொடுவது தெரிந்தால் குற்றம் கேபிள் பக்கத்தில், அநேகமாகக் காம்பன்சேட்டரில் கேபிள் துருவேறி ஒட்டியிருக்கிறது. லீவரே நகரவில்லை என்றால் குற்றம் டிரம்முக்குள். லீவர் நன்றாக நகர்கிறது, ஷூவும் தொடுகிறது, ஆனாலும் சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது என்றால் லைனிங்கில் எண்ணெயோ கிரீஸோ ஏறியிருக்கிறது.

டிரம்மைத் திறப்பது

சக்கரத்தைக் கழற்றியதும் டிரம்மின் முகத்தில் இரண்டு ஸ்க்ரூ தெரியும். பெரும்பாலும் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் இருந்தால் ஸ்க்ரூவின் தலை பிழைக்கும். ஸ்க்ரூக்களை எடுத்த பிறகும் டிரம் வரவில்லை என்றால் அட்ஜஸ்டரை எதிர்த்திசையில் முழுக்கத் தளர்த்திவிட்டு, ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். ஓரத்தில் தேய்மான விளிம்பு இருந்தால் ஷூ அதில் மாட்டிக்கொண்டிருக்கும்.

உள்ளே கறுப்புத் தூசி நிறைய இருக்கும். வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். பிரிட்டனில் அது முழுவதும் தடை செய்யப்பட்டது 1999இல்தான்; நீண்ட காலம் கிடந்த வண்டியில் அதற்கு முந்தைய ஷூக்கள் இன்னும் இருக்கலாம். முகக்கவசம் போட்டு, பிரேக் கிளீனரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

இப்போது உதவிக்கு இருப்பவரை லீவரை ஒரே ஒரு கிளிக் மட்டும் ஏற்றச் சொல்லிவிட்டுக் கண்ணால் பாருங்கள். டிரம் வெளியே இருக்கும்போது பெடலை மட்டும் யாரும் மிதிக்கக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும். லீவர் ஏறும்போது இரண்டு ஷூவும் விலக வேண்டும், சிலிண்டர் தன் துளையில் துளியாவது நகர வேண்டும். ஒன்று மட்டும் விலகி, சிலிண்டர் அப்படியே நின்றால் சந்தேகமே இல்லை.

சிலிண்டரின் தூசி உறையை லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் சீல் போய்விட்டது. அந்த சிலிண்டரைச் சுத்தம் செய்து பயனில்லை. இரண்டு பக்கமும் புதிது மாற்றுங்கள். பிரேக் ஆயில் குடித்த லைனிங்கை எதைப் போட்டுக் கழுவினாலும் பழைய நிலைக்கு வராது. நான்கு ஷூவையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி பிரேக் பிடிக்கும்போது இழுக்கும். ஈரம் பிரேக் ஆயிலாக இல்லாமல் கெட்டியான கிரீஸாக இருந்தால் அது ஹப் பேரிங்கிலிருந்து வந்தது. யாரோ கிரீஸ் துப்பாக்கியை ஆசையோடு அழுத்தியிருப்பார்கள், அது சீலைத் தாண்டி வந்திருக்கும். சீலைச் சரிசெய்யாமல் புது ஷூ போடுவது வீண் செலவு.

சிலிண்டரை விடுவிப்பது

இதுதான் இந்த வேலையின் இதயம். அவசரப்படாமல் ஒரு மத்தியான நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். எதையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில், எந்த ஷூவின் எந்தப் பக்கம் லைனிங் அதிகம் மூடியிருக்கிறது என்பதெல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள், மறுபக்கம் பார்த்துப் போட உதவும்.

ஷூக்களை எடுத்ததும் பிஸ்டன் வெளியே வராமல் இருக்க சிலிண்டரைச் சுற்றி ஒரு தடித்த ரப்பர் பேண்ட் போடுங்கள். பேக் பிளேட்டின் பின்பக்கம் போய் கிளெவிஸ் பின்னையும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் கழற்றி, சிலிண்டரை மூடியிருக்கும் ரப்பர் உறையைப் பிரியுங்கள். அது பொடிப்பொடியாக உதிர்ந்தால் ஆச்சரியமில்லை. அந்த உறை கிழிந்த நாளில்தான் தண்ணீர் உள்ளே போக ஆரம்பித்தது. புது உறை விலை அதிகமில்லை, கண்டிப்பாகப் போடுங்கள்.

உறைக்குள் குதிரை லாடம் போன்ற தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டியிருக்கும். அவைதான் சிலிண்டரைத் துளையில் பிடித்து வைத்திருப்பவை. ஒரு தட்டையான திருப்புளியை இடையில் கொடுத்து, ஒன்றை ஒரு திசையிலும் மற்றதை எதிர்த்திசையிலும் தட்டித் தட்டி நகர்த்த வேண்டும். முதல் தடவை பொறுமையைச் சோதிக்கும். துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள். ஷூக்களைத்தான் எடுத்துவிட்டோமே, இப்போது தாராளமாக விடலாம், பிறகு நன்றாகத் துடைத்துவிடுங்கள். தகடுகள் வளைந்துபோனால் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

சிலிண்டர் துளையை விட்டு வந்ததும் துளையின் நான்கு ஓரங்களையும் பாருங்கள். துரு உப்பியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு தட்டை அரத்தால் மெதுவாகச் சீர் செய்யுங்கள். உலோகத்தைத் தேய்த்து அகலமாக்குவது நோக்கமல்ல, துருவை மட்டும் எடுக்க வேண்டும். சிலிண்டரின் பக்கவாட்டுப் பள்ளங்களையும் உப்புத்தாளால் சுத்தம் செய்யுங்கள். ஹேண்ட்பிரேக் லீவரின் கீலும் சிக்கியிருக்கும். அதைக் கையால் ஆட்டி, எண்ணெய் விட்டு, தானாகத் தடையில்லாமல் ஆடும் வரை விடாதீர்கள்.

புதிதாக ரெஸ்டோர் செய்த வண்டிகளில் இன்னொரு காரணம் உண்டு. என் வண்டியில் நடந்ததும் அதுதான். முன்பு ஒரு பட்டறையில் பேக் பிளேட்டுகளுக்குப் பவுடர் கோட்டிங் கொடுத்திருந்தார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆனால் அந்தக் கனமான பூச்சு துளையின் ஓரங்களிலும் ஏறி, வலது பக்கச் சிலிண்டருக்கு நகர இடமே இல்லாமல் போயிருந்தது. துளையின் ஓரத்திலும், தகடுகள் உட்காரும் பரப்பிலும் பூச்சைச் சுரண்டி எடுத்ததும் சிலிண்டர் விரலால் தள்ளினாலே சறுக்கியது. பேக் பிளேட்டைப் பெயின்ட் அடிக்கக் கொடுப்பவர்கள் அந்த இடங்களை மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

திரும்பப் பூட்டும்போது துளை ஓரங்களிலும், ஷூக்கள் உரசும் பேக் பிளேட் மேடுகளிலும் சூடு தாங்கும் பிரேக் கிரீஸை மெல்லிதாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம், சூட்டில் உருகி லைனிங்குக்குப் போகும், ரப்பரையும் கெடுக்கும். ரப்பர் உறைக்குச் சிவப்பு ரப்பர் கிரீஸ். தகடுகளைப் பூட்டிய பிறகு மறுபடி விரலால் சிலிண்டரைத் தள்ளிப் பாருங்கள். விரலுக்கு நகரவில்லை என்றால் பிரேக்குக்கும் ஒழுங்காக நகராது, திரும்பப் பிரியுங்கள்.

பிரேக் குழாயைக் கழற்றியிருந்தால் காற்று எடுக்க வேண்டும். டாட் 4 பிரேக் ஆயில் போதும். அது பெயின்ட்டை அரிக்கும்; பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு சிந்திய உடனே கழுவிவிடுங்கள்.

இப்போது கேபிள்

டிரம் போட்டு, அட்ஜஸ்டர் சரிசெய்து, பெடல் மிதித்துப் பார்த்த பிறகுதான் கேபிளுக்கு வர வேண்டும். வண்டிக்கு அடியில் போய் காம்பன்சேட்டரைப் பாருங்கள். கேபிள் அதன் பள்ளத்தில் நகர்கிறதா, வழிகாட்டி வளையங்களில் உராய்ந்து இழை பிரிந்திருக்கிறதா? ஓர் இழை அறுந்திருந்தாலும் புதுக் கேபிள் போடுங்கள். கடையில் வாங்கியதைப் பழையதோடு தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்து நீளம் ஒப்பிட்ட பிறகே மாட்டுங்கள். பள்ளத்திலும் வளையங்களிலும் கிரீஸ் தாராளமாக வையுங்கள்.

நீளத்தைச் சரிசெய்ய ஹேண்ட்பிரேக் முழுக்க இறங்கியிருக்க வேண்டும், கிளெவிஸ் பின்கள் இரண்டும் கழன்றிருக்க வேண்டும். பேக் பிளேட் லீவர்கள் தங்கள் ஓய்வு நிலையில் இருக்கும்போது, இழுக்காமலே கிளெவிஸ் பின் உள்ளே போகும் அளவுக்குக் கவட்டைகளைத் திருகுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு. காம்பன்சேட்டர் நடுவில் நிற்க வேண்டும். பூட்டு நட்டை இறுக்கி, கிளெவிஸ் பின் கழலாமல் இருக்கப் புதுக் காட்டர் பின் போடுங்கள். பழைய காட்டர் பின்னை நிமிர்த்திப் போடாதீர்கள்.

விடவில்லை என்றால்

லீவரை இறக்கிய பிறகும் ஒரு சக்கரம் இறுக்கமாகச் சுற்றுகிறதா? முதலில் ரிட்டர்ன் ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் அது விழுந்து தொலைந்திருக்கும். பிறகு கேபிள் வளையங்களில் துரு, பிறகு லீவர் கீல், பிறகு நாம் மேலே பார்த்த சிலிண்டர். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இரண்டு டிரம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால் எது சூடு என்று தெரிந்துவிடும். தொட வேண்டாம், சுட்டுவிடும்.

லீவர் பிடித்த இடத்தில் நிற்காமல் கீழே விழுந்தால் அது வேறு விஷயம். லீவரைக் கிளிக் கிளிக்காகப் பிடித்து நிறுத்தும் ராட்செட்டின் பற்களோ, அதில் மாட்டும் கொக்கியோ தேய்ந்திருக்கும், அல்லது பட்டனுக்குள் இருக்கும் ஸ்பிரிங் வலுவிழந்திருக்கும். இதில் பழுதுபார்க்க எதுவுமில்லை, உதிரி வாங்கி மாற்றுங்கள். நிறுத்தும்போது பட்டனை அழுத்திக்கொண்டே லீவரை ஏற்றி, மேலே போனதும் விட்டால் பற்கள் அதிக நாள் உழைக்கும்.

சோதனை

வண்டியைத் தரையில் இறக்கி, சஸ்பென்ஷன் சமநிலைக்கு வர முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிவிட்டு, கிளிக் எண்ணுங்கள். ஒன்றோ இரண்டோ கிளிக்கில் நின்றுவிட்டால் கேபிள் அதிகம் இறுகியிருக்கிறது, தளர்த்துங்கள். அடுத்து, நல்ல சரிவு ஒன்றைத் தேடிப் போங்கள். கவென்ட்ரி கிட்டத்தட்டத் தட்டையான ஊர், நான் எட்ஜ்ஹில் பக்கம் சன்ரைசிங் ஹில் வரை போவேன். ஆனால் சோதனையைப் பிரதான சாலையில் செய்யாமல் ஒதுக்குப்புறமான சரிவில்தான் செய்வேன். மேட்டைப் பார்த்து ஒருமுறை, இறக்கத்தைப் பார்த்து ஒருமுறை. கால் பெடலின் மேலே தயாராக இருக்கட்டும்.

புது ஷூ போட்டிருந்தால் முதலில் பிடி குறைவாகத்தான் இருக்கும், லைனிங் டிரம்மின் வளைவுக்குத் தேய்ந்து பழக வேண்டும். நூறு மைல் ஓட்டியபின் அட்ஜஸ்டரை மறுபடி ஒருமுறை பாருங்கள். அநேகமாக ஒரு கிளிக் ஏறும். குளிர்காலம் முழுக்க ஷெட்டில் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு வைக்காதீர்கள், ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டுப் போங்கள். மாதம் ஒருமுறை லீவரை நாலைந்து தடவை ஏற்றி இறக்கிவிட்டால் கேபிளும் சிலிண்டரும் இறுகாமல் இருக்கும்.